சேவியர் காசு

ஜன்னலோரம் நீங்களே இருந்துக்குங்க. நான் நாச்சிமேட்டூர்ல எறங்கோணும், இந்தக்கட்ட இருந்தாத்தான் தோது. மணி என்னங்க ஆச்சு? ஒம்பதே காலா? அப்பச் சரி. பதினொரு மணிக்குள்ள அங்க போயி நான் ஒரு வார்த்தை சொல்லோணும். ஒரே வார்த்தைதானுங்க. அதைச் சொல்லிப்போட்டா என்ற பேரும் நிமுந்துரும், எங்கூரு டீமும் தப்பிச்சுக்கும்.

மடியில அது என்னங்க, மூக்கணாங்கயிறா? மாடு வாங்கப் போறீங்களாக்கும். நல்ல தரகராப் பார்த்துப் பிடிச்சுக்குங்க. என்னைக் கூப்பிட்டுப் போடாதீங்க. ஊஞ்சவலசு தரகர் பொங்கியண்ணன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? என்னது, "முப்பதாயிரத்துப் பொங்கியண்ணனா"ங்கறீங்களா! பார்த்தீங்களா, உங்க ஊரு வரைக்கும் வந்து சேர்ந்திருச்சு. நாந்தானுங்க அது. சிரிக்கறதுன்னாச் சிரிச்சுக்குங்க, எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு.

முப்பத்திரெண்டு வருசமா மாட்டுத் தரகு பண்றேன். என்ற கையில வெலை பேசி வாங்கின மாட்டை ஒருத்தரும் திருப்பிக் கொண்டாந்து கட்டினதில்ல. அப்பேர்ப்பட்டவன், ஒரு பாஸ்கெட்பால் ஆடற பையனுக்கு வெலை பேசப் போயி இப்படி ஆகிப்போச்சுங்க.

எங்கூர்ல பாஸ்கெட்பால்னா உசுரு. சந்தைப்பேட்டைக்குப் பின்னால கிரவுண்டு. வெயில் காலத்துல நாலு நாளு டோர்னமென்ட்டு நடக்கும், சுத்துப்பட்டு ஊரு டீமெல்லாம் வரும். கமிட்டிக்குத் தலைவரு கடலை மண்டி ஆறுச்சாமி. கோச்சு எங்க டிரில் மாஸ்டர் எபனேசரு. செயலாளர் நானுங்க. எனக்கு ஆடத் தெரியாது. ஆனா எது ஓடும், எது படுக்கும்னு பார்த்தாச் சொல்லிருவேன்.

ரயில்வே சேவியர்னு ஒருத்தன் இருக்கறான், தெரியுங்களா? ஆறரை அடி. எந்த ஊரு காசு குடுக்குதோ அந்த ஊருக்கு ஆடுவான். நாலு நாளைக்கு முப்பதாயிரம். அதுக்கு ஒரு ரூவாய் கொறைய மாட்டான். அவன் பந்தைக் கையில வாங்கினான்னா கூட்டம் எந்திரிச்சு நிக்கும். எங்க பக்கத்துல "சேவியர் காசு"ன்னே ஒரு பேச்சு இருக்குதுங்க. கல்யாணத்துக்குப் பந்தல் போடறவன் கூடக் கேட்டான்னா, "ஏப்பா, சேவியர் காசா கேக்கற?"ம்பாங்க. அதுக்கு மேல காசு கெடையாதுன்னு அர்த்தம்.

குணசீலன் அப்படியில்லீங்க. எங்கூருப் பையன், தறிக்குடோன்ல வேலை. நல்ல ஆட்டக்காரன். நல்லவன்னா நல்லவன், அவ்வளவுதான். ஒரு மேட்சுக்குப் பதினாறு பாயிண்ட் போடுவான். எதிர்ல ஆரு ஆடினாலும் பதினாறு. சளி பிடிச்சிருந்தாலும் பதினாறு, அவுங்க அத்தை செத்த அன்னைக்கும் பதினாறு. பதினேழு போட்டு ஒருத்தரும் பார்த்ததில்ல. கறவை மாடு மாதிரிங்க, காலையில அஞ்சு லிட்டர், சாயங்காலம் நாலு. அவனைப் பார்க்கறதுக்குன்னு ஒருத்தரும் டிக்கெட் வாங்க மாட்டாங்க. அவன் இல்லாட்டி மேட்சு போயிரும்.

போன வருசம் சித்திரையில நத்தமேட்டுக்காரங்க அவனைக் கூப்பிட்டாங்க. நத்தமேடு எங்களுக்கு எதிரி டீமு. சேவியரை ஏற்கெனவே பேசி வெச்சுட்டாங்க, இவனையும் சேர்த்துக்கலாம்னு பார்த்தாங்க. மண்டியில அவசரமாக் கமிட்டி கூடுச்சு.

ஆறுச்சாமி சொன்னாரு, "அவன் அங்கிட்டுப் போனா நான் கடைவீதியில நடக்க முடியாது. சேவியர் காசே கேட்டாலும் குடுத்திரலாம்."

டிரில் மாஸ்டர் குதிச்சாரு. "தலைவரே, பதினாறு பாயிண்ட்டுக்காரனுக்கு முப்பது பாயிண்ட்டுக்காரன் காசைக் குடுத்தா, முப்பது பாயிண்ட்டுக்காரன் வந்து நின்னா என்னத்தைக் குடுப்பீங்க? மண்டிய எழுதிக் குடுப்பீங்களா?"

"அதுக்காக விட்டுர்றதா?"

"விட வேண்டாம். நல்லவனுக்கு நல்லவன் காசு. அதுக்கு மேல ஒரு பைசா வேண்டாம். இன்னொண்ணு, என்ன குடுத்தீங்கன்னு மத்த நாலு பேருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவனுகளும் வந்து நிப்பானுக."

தெரியக் கூடாதுன்னு சொன்னதும் எல்லாரும் என்னையப் பார்த்தாங்க. எங்கூர்ல தெரியக் கூடாத வெலையெல்லாம் துண்டுக்கடியிலதானுங்க. மாடு மட்டுமில்ல, மண்டப வாடகை, பாகப் பிரிவினை, எல்லாமே. உங்களுக்குத்தான் தெரியுமே, ரெண்டு பேரு கையும் துண்டுக்குள்ள. ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, ரெண்டைப் பிடிச்சா ரெண்டு. வெலை ஒத்து வந்தா ஒரு அழுத்து. அந்த வெலை அந்த ரெண்டு பேரோட நின்னுரோணும். மூணாவது ஆளுகிட்ட வாயால சொன்னா, அவன் தரகனே இல்ல. மாடு செத்தாலும் சொல்லக் கூடாதுங்க.

அடுத்த நாளு குணசீலனைச் சந்தைக்குக் கூட்டியாந்தாங்க. மாட்டுக்கிட்டயே மாட்டோட வெலையப் பேசறது எனக்கு அதுதான் முதல் தடவை. பழக்க தோசத்துல முதுகைத் தட்டிப் பார்த்தேன். வாயைத் தொறக்கச் சொன்னேன், பாவம் தொறந்தான். தலையில சுழி பார்த்தேன், நல்ல சுழி. குனிஞ்சு முட்டிய மடக்கிப் பார்த்தேன். எடது முட்டிக்குள்ள நறநறன்னு ஒரு சத்தம். எனக்குக் கேட்டதுன்னு அவனுக்கும் தெரியும். நான் ஒண்ணும் சொல்லல. குறையைக் கூட்டத்துல சொல்றது தரகனுக்கு அழகில்லீங்க.

அப்பறம் துண்டைப் போட்டேன். சுத்தி அம்பது பேரு. வாயால ஒரே ஒருக்கா "ஆயிரம்"னு சொன்னேன். ஒரு விரலு ஆயிரம், நாலு நாளைக்கும் சேர்த்து. அவனும் தலையாட்டினான். முந்தின வருசம் அவனுக்கு மூவாயிரம் குடுத்தோம், அதனால அவன் விரல்ல மூணைச் சேர்த்துப் பிடிச்சேன். கூடக் கேப்பான், நாலுல நிறுத்தலாம், போனாப் போகுது அஞ்சுன்னு ஒரு கணக்கு வெச்சிருந்தேன்.

பயல் ரெண்டு விரலை உருவிக்கிட்டான்.

வெவரம் தெரியாத பையன்னு நெனைச்சு மறுபடியும் மூணைப் பிடிச்சேன். மறுபடியும் ரெண்டை உருவறான். சரி, கோவமாட்டம் இருக்குதுன்னு நாலைப் பிடிச்சேன். மூணை உருவறான். எனக்கு வேர்த்துப் போச்சுங்க. முப்பத்திரெண்டு வருசத்துல, விக்கறவன் வெலைய எறக்கி நான் பார்த்ததே இல்ல. எறக்கறவங்கிட்ட எப்படிப் பேரம் பேசறதுன்னு ஆரும் எனக்குச் சொல்லித் தரல. அஞ்சு விரலையும் கொத்தாப் பிடிச்சேன். நாலை உருவிக்கிட்டு, அதே கையோட என்ற முகத்தைப் பார்த்துச் சிரிக்கறான். நான் ஏத்தறேன், அவன் எறக்கறான், நான் ஏத்தறேன், அவன் எறக்கறான். கால் மணி நேரம். துண்டு குதியாக் குதிக்குது. வெளியில நிக்கறவனுக்கு என்ன தெரியும்? "ஏய், பயல் தரகரைப் பிழிஞ்சு எடுக்கறான்டா! இருவதைத் தாண்டிருச்சு பாரு! மூஞ்சியப் பாரு!"ன்னு சத்தம்.

கடைசியில அவன்தான் அழுத்தினான். முடிஞ்சுது. துண்டை எடுக்கறதுக்கு முன்னால காதுகிட்ட வந்து, "மாமா, துண்டு வெலை துண்டோட இருக்கோணும். சத்தியம் பண்ணுங்க"ன்னான். பண்ணிக் குடுத்தேன்.

எத்தனையில முடிஞ்சுதுன்னா கேக்கறீங்க? அதை நான் சொல்ல மாட்டேனுங்க. சத்தியம்னாச் சத்தியம். பதினொரு மணிக்கு ஒடைக்கத்தான் போறேன், ஆனா அதுவரைக்கும் சத்தியம் சத்தியந்தான்.

உங்க தோள்ல இருக்கற துண்டைச் சித்தக் குடுங்க. என்ற துண்டை இன்னைக்கு வேணும்னே வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். வாயால சொல்லப் போறவனுக்குத் துண்டு எதுக்குங்க? ஆங், கையை இப்படி உள்ள விடுங்க. நான் பிடிக்கறேன் பாருங்க. இதுதான். இதுலதான் முடிஞ்சுது. எத்தனை விரலுங்க? மெதுவாச் சொல்லுங்க, முன்னால சீட்டுல இருக்கறவங்க திரும்பறாங்க. ஒண்ணா? ஒண்ணுதான்னு நல்லாத் தெரியுதா? நான் சொல்லல, நீங்கதான் சொன்னீங்க. இந்தாங்க துண்டு.

கமிட்டிக்கு வந்து "முடிஞ்சுது"ன்னேன். ஆறுச்சாமி நேர்மையான மனுசன். "நான் வெலையத் தெரிஞ்சுக்கக் கூடாது. நீங்களே கல்லாவுல இருந்து எடுத்துக்குங்க, நான் அந்தக்கட்டத் திரும்பிக்கறேன்"னு சொவுத்தைப் பார்த்து நின்னுக்கிட்டாரு. கண்ணையும் மூடிக்கிட்டாரு. எடுக்கப் போனா, அந்தக் கல்லாப்பெட்டி எழவு பாதியில மாட்டிக்கிச்சு. இழுக்கறேன், தள்ளறேன், ஆட்டறேன், வரவே மாட்டேங்குது. ரெண்டு ஐந்நூறு ரூவா நோட்டை எடுக்கறதுக்குள்ள பத்து நிமிசம். அவரு சொவுத்தைப் பார்த்துக்கிட்டே, "இன்னுமா எண்ணறீங்க தரகரே?"ங்கறாரு. நானும் "ஆச்சுங்க, ஆச்சுங்க"ன்னேன். எடுத்ததும் அவரு அன்னைக்கு வசூலையெல்லாம் வாரி அதுக்குள்ளயே கொட்டிக் கலக்கிட்டாரு, எவ்வளவு போச்சுன்னு தனக்கே தெரியக் கூடாதுன்னு.

ராத்திரிச் சோத்துக்குள்ள ஊரெல்லாம் பரவிருச்சு. முப்பதாயிரம்! குணசீலனுக்குச் சேவியர் காசு! பொங்கியண்ணனைப் பையன் கவுத்துப்போட்டான்! என்ற பொண்டாட்டி சாவித்திரி சோத்தைப் போட்டுக்கிட்டே கேக்கறா: "ஊரான் காசுன்னா முப்பது வருது. என்ற தோட்டுக்கு ஒரு கல்லு வெக்கச் சொன்னா மட்டும் மூக்கால அழுவீங்க."

நீங்களே சொல்லுங்க, என்ற வாழ்க்கையிலயே அப்படி ஒரு பேரத்தை நான் முடிச்சதில்ல. மூவாயிரத்து மாட்டை ஆயிரத்துக்கு! எந்தத் தரகனாச்சும் பண்ணியிருக்கானா? அதைச் சொல்லிப் பெருமைப்பட முடியல. ஏமாந்தவன்னு பேரு வாங்கிக்கிட்டு வாயை மூடி உக்காந்திருக்கறேன்.

அப்பறம் டோர்னமென்ட்டு வந்துச்சு. முதல் மேட்சுல எங்க டீம்ல மத்த நாலு பேரும் பந்தைக் கையில வாங்கினதும் குணசீலன்கிட்டக் குடுத்துட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறானுக. டிரில் மாஸ்டர் கத்தறாரு, "போடுங்கடா!" அவனுக சொல்றானுக: "சேவியர் காசு வாங்கறவரு போடட்டும் சார்." ஒத்தை ஆளா ஆடி அவன் பதினாறு போட்டான். எதிர்த்த டீமு பதினாலு. செயிச்சுட்டோம். செயிச்ச டீமைப் பார்த்துக் கூட்டம் ஊளை விட்டது அன்னைக்குத்தான். "பதினாறா? முப்பதாயிரத்துக்குப் பதினாறா?" டீக்கடைக்காரன் ஒரு பாயிண்ட்டுக்கு எவ்வளவு விழுகுதுன்னு வகுத்துப் பலகையில எழுதிப் போட்டுட்டான். அதுக்கு முந்தின வருசம் வரைக்கும் இதே பதினாறுக்கு விசில் அடிச்ச சனம்ங்க!

பையன் மூஞ்சியில ஈயாடல. டிரில் மாஸ்டர் என்னையத் தனியாக் கூட்டிட்டுப் போயி, "உண்மையச் சொல்லுங்க தரகரே, எவ்வளவு குடுத்தீங்க? அதுக்குத் தகுந்த மாதிரி ஆட வெக்கறேன்"னாரு. ஆயிரத்துக்குத் தகுந்த மாதிரி ஆட வெச்சா என்ன ஆகும்? துண்டு வெலைன்னு சொல்லி நழுவிட்டேன்.

பைனலு நத்தமேட்டுக்கும் எங்களுக்கும். அந்தக்கட்ட சேவியரு. அவன் வேனை விட்டு எறங்கறப்பவே கேட்டது, "இங்க என் காசு வாங்கறவன் எவன்?"னுதான். கை நீட்டிக் காமிச்சாங்க. குணசீலனை மேலயும் கீழயும் பார்த்தான். "இவனா?" அவ்வளவுதானுங்க, சேவியருக்கு வேற ஒண்ணும் கண்ணுல படல. மேட்சு தொடங்கினதும் இவன் பக்கத்துலயே வந்து நின்னுக்கிட்டான். போதாதுன்னு நத்தமேட்டுக் கோச்சு, முப்பதாயிரத்து ஆளாச்சேன்னு இன்னும் ரெண்டு பேரை இவன் மேல ஏவிவிட்டான். இவன் மூலைக்குப் போனா மூணு பேரும் மூலைக்கு. இவன் தண்ணி குடிக்கப் போனா மூணு பேரும் தண்ணிக்கிட்ட. சேவியருக்குப் பந்தைப் போட்டா, அவன் அதைப் பிடிக்காம இவனையே மொறைச்சுக்கிட்டு நிக்கறான்.

இங்க எங்காளுக நாலு பேரு, அங்க மிச்சம் ரெண்டு பேரு. கையைக் கட்டிக்கிட்டு நின்னவனுகளுக்கே வெக்கமாப் போச்சு. ஆளில்லாத கூடைய எத்தனை நேரந்தான் பார்த்துக்கிட்டு நிக்கறது? போட்டானுக. இருவத்தி ரெண்டு பாயிண்ட்டு வித்தியாசத்துல கப்பை வாங்கிட்டோம். பதினொரு வருசத்துக்கு அப்பறம் வந்த கப்புங்க. குணசீலன் போட்டது ரெண்டே பாயிண்ட்டு.

அப்பறம் சண்டை அப்படியே திரும்பிருச்சு. ஆறுச்சாமி, "ரெண்டு பாயிண்ட்டுக்கு முப்பதா? நெஞ்சு வலிக்குதுப்பா"ங்கறாரு. டிரில் மாஸ்டரு, "தலைவரே, அவன் சேவியர் காசு வாங்கினதாலதான் மூணு பேரு அவன் மேல போனானுக. ஒவ்வொரு பைசாவும் தகும்"ங்கறாரு. நல்லவன் காசுக்கு மேல ஒரு பைசா வேண்டாம்னு குதிச்ச அதே மனுசன்! ரெண்டு பேரும் இப்பவும் பேசிக்கறதில்ல.

என்ற நெலைமையக் கேளுங்க. ஒரு வருசமாச் சந்தையில மாடு விக்கறவனெல்லாம் என்னையத்தான் தேடி வர்றான். அள்ளிக் குடுக்கற தரகரு வேணும்னு வரிசையில நிக்கறான். வாங்கறவன் ஒருத்தன் வரணுமே? என்னையக் கண்டா அந்தக்கட்ட நடக்கறான். வாங்கற ஆளில்லாம ஆருக்கு நான் மாட்டை விக்கறது? சாவித்திரி கத்தரிக்காய் வாங்கக் கூட்டிட்டுப் போனா, "நீங்க வாயத் தொறக்காதீங்க, பையை மட்டும் பிடிங்க"ங்கறா. முப்பத்திரெண்டு வருசத்துத் தரகனுங்க நானு. பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

போன ஞாயித்துக்கிழமை ஒரு காரு வந்து நின்னுச்சு. நாச்சிமேட்டூர் ஸ்பின்னிங் மில்லுக்காரங்க. அவுங்களுக்குப் பெரிய டீமு இருக்குது. குணசீலனுக்கு நாப்பதாயிரமும், மில்லுல நெரந்தர வேலையும் தர்றாங்களாம். என்ற வீட்டுக்கு எதுக்கு வந்தாங்கன்னா, அவன்கிட்ட "இப்ப என்ன வாங்கறீங்க?"ன்னு கேட்டிருக்காங்க. "என்ற வெலை பொங்கியண்ணன் மாமாவுக்குத்தான் தெரியும், அவரைக் கேளுங்க"ன்னு அனுப்பிப்போட்டான். நான் சொல்லிட்டேன்: "துண்டு வெலைய நான் சொல்றதில்லீங்க. என்ற தலையே போனாலும் சொல்ல மாட்டேன்." அவுங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. தலையே போனாலும் சொல்ல மாட்டேங்கறாருன்னா, அவ்வளவு பெரிய காசுன்னு நெனைச்சுக்கிட்டாங்களாட்டம் இருக்குது.

இன்னைக்குப் பதினொரு மணிக்கு அங்க கையெழுத்துப் போடறான். அதுக்குள்ள போயி "அவன் வெலை ஆயிரம்"னு சொல்லிட்டேன்னு வெச்சுக்குங்க, மில்லுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. பையன் எங்க டீம்லயே இருப்பான். அடுத்த மாசம் டோர்னமென்ட்டுங்க, அவன் இல்லாட்டி கப்பு போச்சு. விசயம் மதியத்துக்குள்ள சந்தைக்கு வந்துரும். மூவாயிரத்தை ஆயிரத்துக்கு முடிச்ச பொங்கியண்ணன்னு வாங்கறவனெல்லாம் ஓடி வருவான். ரெண்டு ராத்திரி தூங்காம யோசிச்சுத்தான் துண்டை வீட்டுல வெச்சுட்டு பஸ் ஏறினேன்.

அவன் எதுக்கு எறக்கினான்னா? தெரியலீங்க. வெகுளிப் பையன். ஊருப் பாசம். கூச்ச சுபாவம் வேற. வாயத் தொறந்து காசு கேக்க மாட்டான், பாவம்.

என்னங்க சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க. "அன்னைக்கு அந்தப் பையன் மாடா வரல, தரகரா வந்திருக்காரு"ங்கறீங்களா?

போங்க, நீங்க ஒண்ணு.

இருங்க. இருங்க இருங்க. விரலை உருவினான். சிரிச்சான். ஆமா, சிரிச்சான். சத்தியம் பண்ணுங்கன்னான். எனக்குச் சத்தியம் எதுக்குங்க, சொல்ல மாட்டேன்னு ஊருக்கே தெரியுமே? இவன் அதுக்கு மேல ஒரு பூட்டும் போட்டுக்கிட்டான். வெளிய அம்பது பேரு நின்னானுக. துண்டு கால் மணி நேரம் குதிச்சுது. குதிச்சது நானில்லீங்க, அவன் குதிக்க வெச்சான்! ரெண்டாயிரத்தை விட்டுக் குடுத்துட்டுச் சேவியர் பேரை வாங்கிட்டான். மில்லுக்காரங்களை என்ற வீட்டுக்கு அனுப்பினதும் அவன்தான். நான் சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சே அனுப்பியிருக்கான்!

அடப் பாவிப் பயலே! என்ற துண்டுக்குள்ளயே, என்ற கையப் பிடிச்சுக்கிட்டே!

கோவம் வருதுங்க. வராம இருக்குமா? ஒரு வருசம் கத்தரிக்காய்ப் பையோட நின்னிருக்கறேன்.

தண்ணி இருந்தாக் குடுங்க. ஆங், போதும்.

அந்த முட்டிச் சத்தம் காதுலயே இருக்குது. அவனுக்கு இன்னும் ஒரு வருசமோ, ரெண்டு வருசமோ. அதுக்கப்பறம் பதினாறும் இல்ல, ஆறும் இல்ல. தறிக்குடோன்ல பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை. அந்த முட்டிய வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு நிப்பான்? மில்லுன்னா நெரந்தரம், கால் போனாலும் ஒரு நாக்காலியில உக்கார வெச்சுச் சம்பளம் தருவாங்க. அவனுக்கு இதுதான் கடைசிச் சந்தை. அன்னைக்கே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கும் தெரிஞ்சுது. முட்டிய மடக்கிப் பார்த்தவன் நான்தான? கேட்டும் கேக்காத மாதிரி இருந்துட்டு, ஆயிரத்துக்குக் கப்பு வாங்கிக்கிட்டோம். நெனைச்சா மனசு ஒரு மாதிரி இருக்குதுங்க.

நான் போயி அந்த ஒரு வார்த்தையச் சொன்னா, மில்லுக்காரங்க என்ன சொல்லுவாங்க? "ஆயிரத்துக்கு ஆடறவனுக்கா நாப்பதும் வேலையும்?"பாங்க. என்ற பேரு நிமுந்துரும். அவன் தறிக்குத் திரும்பிருவான். இதே பஸ்ஸுல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஊருக்குப் போகோணும். அவன் மூஞ்சிய நான் எப்படிப் பார்க்கறது?

கண்டக்டர் கூப்பிடறாரா? நாச்சிமேட்டூரா அதுக்குள்ள? எறங்கலீங்க, நான் எறங்கல. போகட்டும். நீங்க மாடு வாங்கற ஊரு வரைக்கும் டிக்கெட் எடுத்துக்கறேன்.

நாப்பது. நாப்பதுன்னுதான சொன்னேன்?

ஏனுங்க, வாங்கறவன் வாயில இருந்து முதல்ல வர்ற வெலையே நாப்பதுன்னா, அவன் மனசுல அம்பதாச்சும் இருக்கும்ல? மாடு வாங்கப் போறீங்களே, நீங்க மனசுல நெனைச்ச வெலையவா முதல்ல சொல்லுவீங்க? மாட்டீங்கல்ல? பயல் அதுக்கே கையெழுத்துப் போடப் போறானுங்க! முதல் வெலைக்கே! அவனுக்கு எறக்கத்தான் தெரியும், ஏத்தத் தெரியாதுங்க. கூட ஒரு தரகன் இல்லாம எவனாச்சும் இப்படிப் பேரத்துக்குப் போவானா? குடியிருக்க மில்லுக் குவார்ட்டர்ஸ் கேட்டானா? முட்டி வைத்தியத்துக்குக் கேட்டானா? என்னத்தைக் கேட்டிருப்பான் அவன்!

கண்டக்டர்! ஓல்டான், ஓல்டான்! எறங்கறேனுங்க! ஆமா, அப்ப எறங்கலைன்னேன், இப்ப எறங்கறேன்!

சித்த நகந்துக்குங்க. மணி பத்தே முக்கால், மில்லு கேட்டு பக்கந்தான், ஓடினாப் போயிருவேன். சாயங்காலம் நீங்க மாட்டை ஓட்டிக்கிட்டு இந்த வழியாத்தான வரோணும்? மில்லு கேட்டுக்கிட்டயே நிக்கறேன். மாட்டையும் ஒரு பார்வை பார்த்துச் சொல்றேன், தரகு வேண்டாம். ஆராச்சும் கேட்டா முப்பதுன்னே சொல்லுங்க. பொங்கியண்ணனே வாய் தவறிச் சொல்லிப்போட்டான், முப்பதேதான்னு சொல்லுங்க.

எங்க, அந்தத் துண்டைக் குடுங்க.